ஆறாவது வரியை வெட்டியவள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரியை வெட்டியது நான்தான்.

இதை ஐந்தாம் பகுதி வரைக்கும் மறைத்து வைத்து, அங்கே போட்டு உடைத்து, உங்களை 'அடிப்பாவி!' என்று சொல்ல வைக்கலாம் என இரண்டு மாதமாகத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு பிரதி மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அதில் வரியை வெட்டுகிறவன் அச்சகத்தில் வேலை பார்க்கும் ரூபென் என்று ஒருவன். ரூபெனுக்கு மீசை வைத்தேன், முதுகுவலி வைத்தேன், ஊருக்குப் போகிற அவசரம் வைத்தேன். ஆனால் அவன் வரியை நீக்கும் பொத்தானை அழுத்துகிற இடம் வந்ததும் என் விரல்தான் கூசியது. ரூபெனை எடுத்துவிட்டேன். பாவம், ஒரு தப்பும் செய்யாதவன். எனக்காகக் கொஞ்ச நாள் பழி சுமந்தான்.

கதை பிறந்த இடம் தலைநகர் மொந்தெவிதேயோவில் ஒரு பெரிய மருத்துவமனையின் மூன்றாம் மாடி. நேரம் வெள்ளிக்கிழமை, மதியம் பன்னிரண்டரை. நான் அங்கே பக்கம் அமைப்பவள். பத்தொன்பது வருடமாக இந்த ஊர்க்காரி. என் முன்னால் திரையில் இருந்த பக்கத்தில் ஒரு வரி அதிகமாக இருந்தது. அதை எடுத்தேன். அவ்வளவுதான்.

அந்த வரி இல்லாததால் நானூறு கிலோமீட்டர் வடக்கே ஒரு மனிதரிடம் அவருடைய இதய மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அவர் பிழைத்தாரா இல்லையா என்பதுதான் கதை. இப்போதே சொல்ல மாட்டேன். காரில் போன அந்த ஐந்து மணி நேரமும் எனக்குத் தெரியாமல்தான் இருந்தது. உங்களுக்கும் கொஞ்ச நேரம் தெரியாமல் இருக்கட்டும்.

2

தொடக்கம் ஒன்று: "மருத்துவ ஆராய்ச்சி என்பது ஒரு பெருங்கடல்." வேண்டாம். எட்டாம் வகுப்புக் கட்டுரை.

தொடக்கம் இரண்டு: "உலகத்தில் ஒரு நாளைக்கு எத்தனை மருத்துவ ஆய்வுகள் வெளியாகின்றன என்று யாராவது எண்ணிப் பார்த்தால்" [பாதியில் விட்டேன். நான் எண்ணிப் பார்த்ததில்லை. பார்த்த மாதிரி எழுதுவது எனக்குப் பிடிக்காது.]

தொடக்கம் மூன்று: "டாக்டர் நெல்பா சராவியா தாள்களோடு சண்டை போடுவார்."

இது தேவலை. இதிலிருந்தே போகலாம்.

டாக்டர் நெல்பா சராவியா தாள்களோடு சண்டை போடுவார். அறுபத்தோரு வயது, பொது மருத்துவர். பதினைந்து நாளுக்கு ஒருமுறை பதினாறு துறைகளில் புதிதாக வந்த ஆய்வுகளைப் படித்து, துறைக்கு ஒன்றாகப் பொறுக்கி, ஒவ்வொன்றையும் ஐந்து வரியில் சுருக்குவார். கீழே ஒரே ஒரு சொல்: செய்யலாம், காத்திருக்கலாம், விட்டுவிடலாம். இந்த மூன்றில் ஒன்று. இரண்டு பக்கத் தாள். பெயர் என்னவோ நீளமாக அச்சிட்டிருக்கும், எல்லோரும் 'ஐந்து வரி' என்றுதான் சொல்வார்கள். நாடு முழுக்க இருநூற்றுப் பதினொரு சிற்றூர் மருத்துவ நிலையங்களுக்கு அச்சான அன்றிரவே பேருந்தில் போகும்.

ஏன் ஐந்து வரி? வந்த புதிதில் நான் கேட்டேன்.

"மாத்தே ஒரு சுத்து வந்து அவன் கைக்குத் திரும்புறதுக்குள்ள ஒரு ஆய்வப் படிச்சு முடிக்கணும். அதுக்கு மேல எந்த டாக்டர் படிப்பான்? நீ படிப்பியா?" என்றார்.

நிலையங்களில் தாளை வெந்நீர்க் கெண்டி வைக்கிற இடத்துக்கு மேலே சுவரில் ஒட்டுவார்கள். மாத்தே என்பது இந்த ஊர்க்காரர்கள் ஒரே குடுவையைக் கைமாற்றி உறிஞ்சும் பச்சை இலைத் தேநீர். ஒருவர் ஊற்றிக் கொடுக்க, இன்னொருவர் உறிஞ்சிக்கொண்டே படிப்பார். அதனால்தான் மூலையெல்லாம் பச்சைக் கறை. நெல்பாவுக்கு அந்தக் கறை மேல் பெருமை.

அந்த இதழில் என்னவெல்லாம் இருந்தது? குழந்தைகளின் காதுவலிக்கு மருந்து பத்து நாளா, ஐந்து நாள் போதுமா. முழங்கால் தேய்ந்தவர்களுக்குக் கத்தியா, பயிற்சியா. கர்ப்பிணிகளின் ரத்த அழுத்தத்தை எந்த அளவில் வைப்பது. பள்ளிப் பிள்ளைகளின் கிட்டப்பார்வைக்குச் சொட்டு மருந்து. தூக்கம் வராத வயதானவர்களுக்கு மாத்திரைக்குப் பதில் உட்கார்ந்து பேசுவது. தோல், சிறுநீரகம், நுரையீரல், பல் கூட உண்டு. இரண்டாம் பக்கத்தில் மேலே, இதயம்.

(சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வுகளின் விவரங்கள் என் கைச்சரக்கு. இந்தக் கதையைப் படித்துவிட்டு யாரும் எந்த மாத்திரையையும் நிறுத்த வேண்டாம், தொடங்கவும் வேண்டாம். ஒரு தடவை பட்டது போதும்.)

இதயப் பகுதியில் இருந்தது இது. மாரடைப்பு வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆனவர்களில் பாதிப் பேருக்கு, இதயத் துடிப்பைத் தணிக்கும் மாத்திரையை நிறுத்திப் பார்த்திருக்கிறார்கள். நிறுத்தியவர்களுக்கும் தொடர்ந்தவர்களுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. இவ்வளவும் ஐந்து வரிக்குள் வந்துவிட்டது. கீழே அந்த மாத்திரைக்குத் தீர்ப்பு: விட்டுவிடலாம்.

இரண்டுக்கும் நடுவில் ஆறாவதாக ஒரு வரி: 'இதயத்தின் வலு குறைந்தவர்கள் இந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை.'

3

இங்கே ஒரு சந்தேகம். நெல்பாவை நான் சரியாகத்தான் எழுதுகிறேனா?

முதல் பிரதியில் அவரை ஒல்லியாக, கண்டிப்பாக, கண்ணாடிக்கு மேலே பார்க்கிறவராக எழுதியிருந்தேன். டாக்டர் என்றால் அப்படித்தான் எழுத வருகிறது, என்ன செய்ய. உண்மையில் அவர் நல்ல பருமன். படிக்கும்போது மெட்டு முணுமுணுப்பார். ஆய்வுத் தாள்களின் ஓரத்தில் சிவப்புப் பேனாவால் திட்டி எழுதுவார். 'ஆயிரம் பேரில் தொடங்கி எண்ணூற்று நாற்பதில் முடித்திருக்கிறாய். மீதி நூற்று அறுபது பேர் எங்கே? ஆவியாகிப் போனார்களா?' என்று ஒரு தாளில் பார்த்திருக்கிறேன். ஆய்வில் யார் இருந்தார்கள் என்பதை விட யார் இல்லை என்பதுதான் அவருக்கு முக்கியம். பெண்கள் இல்லையா, எழுபது தாண்டியவர்கள் இல்லையா, பாதியில் நின்றவர்கள் ஏன் நின்றார்கள் என்று துருவுவார்.

அப்படிப்பட்டவரின் வரியைத்தான் வெட்டினேன்.

ஏன் அந்த வரி? வேறு இடமில்லையா? இருந்தது. முதல் வரியில் ஆய்வு நடந்த நாடுகளின் பெயர்கள் வரிசையாக நின்றன. அவற்றை எடுத்திருக்கலாம். ஆனால் அன்று, நாடே விடுமுறையில் கிளம்பும் சுற்றுலா வாரத்துக்கு முந்திய வெள்ளி. ஊரே ஒரு காலைத் தூக்கிப் பேருந்தில் வைத்திருந்தது. என் மூளையும் அப்படித்தான். ஆறு வரியையும் ஒரு ஓட்டம் ஓட்டினேன். ஐந்து வரிகள் ஆய்வில் நடந்ததைச் சொல்லின. ஒன்று மட்டும் இல்லாத ஆட்களைப் பற்றிச் சொன்னது. இல்லாதவர்களுக்கு எதற்கு ஒரு வரி என்று நினைத்தேன். பக்கம் கச்சிதமாக உட்கார்ந்தது. எனக்குத் திருப்தியாகக் கூட இருந்தது, அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

அச்சுக்குப் போகுமுன் பார்வைப் பிரதியை நெல்பாவிடம் காட்ட வேண்டும். அவர் தோளில் பையோடு மின்தூக்கி வாசலில் நின்றார். அங்கேயே சுவரில் வைத்துப் படித்தார். "கச்சிதமா இருக்கு" என்றார். கையெழுத்துப் போட்டார். "வாரம் பூரா என்னைக் கூப்பிடாத, செத்தாலும் கூப்பிடாத" என்று சிரித்துவிட்டுப் போனார்.

4

செவ்வாய்க்கிழமை காலை. இனி நெல்பாவின் பக்கம் நின்று சொல்கிறேன்.

நெல்பா வீட்டில் தாமதமாக எழுந்து, வெந்நீர்க் குடுவையை நிரப்பி, மாத்தேயைத் தயார் செய்துகொண்டு உட்கார்ந்தார். தெருவில் ஈ காக்கை இல்லை. செல்பேசியில் குரல் செய்தி ஒன்று காத்திருந்தது. வடக்கே ஒரு சிற்றூர் நிலையத்தில் தனியாளாக இருக்கும் டாக்டர் எடிசன் தெச்சேரா அனுப்பியது. முப்பத்தொரு வயது. 'ஐந்து வரி' வந்த அன்றே படித்துவிடுகிற வெகு சிலரில் ஒருவர்.

"டாக்டரம்மா, எடிசன் பேசுறேன். உங்களுக்கு நன்றி சொல்லணும்னுதான். எங்க ஊர்ல அல்சிதெஸ் ஒலிவெரான்னு ஒரு ஐயா இருக்கார், மூணு வருஷத்துக்கு முன்னாடி மாரடைப்பு வந்தவர். ஒரு நாளைக்கு ஒன்பது மாத்திரை. இதயம் கால்வாசிதான் வேலை செய்யுது, பாவம். சனிக்கிழமை காலைல வந்தார், உங்க தாள வாசிச்சுக் காட்டி, துடிப்பத் தணிக்கிற அந்த ஒண்ண நிறுத்திட்டேன். ஒன்பது எட்டாச்சு! மனுஷனுக்கு என்ன சந்தோஷம் தெரியுமா?"

நெல்பா அதை மூன்று முறை கேட்டார். கால்வாசிதான் வேலை செய்யுது. குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த தன் பிரதியைப் பிய்த்து எடுத்தார். விரலை வைத்து எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. கீழே, 'விட்டுவிடலாம்'. மறுபடி எண்ணினார். கணினியைத் திறந்து தான் எழுதியதைப் பார்த்தார். அங்கே ஆறு இருந்தது.

வலு குன்றிய இதயத்துக்கு அந்த மாத்திரைதான் தாங்குகட்டை. அதைச் சட்டென்று பிடுங்கினால் துடிப்பு தறிகெட்டு ஓடும். எந்த நேரமும் நின்றும் போகலாம்.

எடிசனைக் கூப்பிட்டார். விஷயத்தைச் சொன்னார்.

"எடிசன், இருக்கியா?"

"டாக்டரம்மா... நான் அவரக் கொன்னுட்டேனா?"

"வாயக் கழுவு. எத்தன நாளாச்சு?"

"இன்னையோட நாலு நாள்."

"மாத்திரைய அவர் கையிலேர்ந்து வாங்கி வச்சுட்டியா?"

"இல்ல. போடாதீங்கன்னேன். சரின்னார். கை குலுக்கிட்டுப் போனார்."

"இப்பவே கூப்பிட்டுப் போடச் சொல்லு."

"கூப்பிட முடியாது. ரியோ நெக்ரோ ஆத்தங்கரையில கூடாரம் போட்டு மீன் பிடிக்கப் போயிட்டாங்க, அவரும் சம்சாரமும். அந்தப் பக்கம் சிக்னலே கெடையாது. நானும் நகர முடியாது. இங்க ஒரு பொண்ணு பிரசவ வலியோட வந்திருக்கா, நான் ஒருத்தன்தான் இருக்கேன்."

நெல்பா ஆற்றங்கரைக் காவல் நிலையத்துக்குப் பேசினார். பேசிய காவலர் நல்ல மனிதர். ஆனால் அவர் சொன்னது: "டாக்டர், இங்க நானூறு கூடாரம் இருக்கு. அல்சிதெஸ்னு பேர் வச்சவன் எத்தன பேர் இருப்பான்னு நெனைக்கிறீங்க? தேடிப் பாக்குறேன்."

பிறகு இருநூற்றுப் பதினொரு நிலையங்களுக்கும் விடுபட்ட வரியை அனுப்பினார். அவசரத்தில் இரண்டு முறை தப்பாக அடித்தார். அதன் பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"உன் கார் ஓடுமா?"

5

[இந்த இடத்தில் நான் காரில் இல்லாத ஒரு பிரதியும் உண்டு. நெல்பா தனியாக ஓட்டிக்கொண்டு போகிறார், வயல்வெளி, மாடுகள், மனப் போராட்டம். நன்றாகத்தான் வந்தது. ஆனால் அவர் கார் பட்டறையில் கிடந்தது, பட்டறைக்காரர் கடற்கரையில் கிடந்தார். கார் என்னுடையது. வேறு வழியில்லை, நானும் ஏறுகிறேன்.]

வழியெல்லாம் நெல்பா ஒரே கேள்வியைத் தனக்குத்தானே கேட்டுக்கொண்டு வந்தார். "நான் எப்படிக் கவனிக்காமப் போனேன்?" ஒருமுறை சத்தமாக, ஒருமுறை முணுமுணுப்பாக. நான் சாலையைப் பார்த்தேன். 'வெட்டியது நான்' என்று சொல்ல மூன்று வார்த்தை கூட வேண்டாம். பாதி வழியில் இருக்கும் துராஸ்னோ ஊர் வரைக்கும் இரண்டரை மணி நேரம் இருந்தது. சொல்லவில்லை. எனக்குப் பயம். வேலை போய்விடும் என்கிற பயம் இல்லை. அந்த மனிதர் செத்துப்போயிருந்தால் அந்தச் சாவு என் பேரில் எழுதப்படும் என்கிற பயம். சொல்லாத வரைக்கும் அது இரண்டு பேருக்கும் பொதுவாகக் கிடக்கும் அல்லவா? அப்படி அற்பமாகத்தான் கணக்குப் போட்டேன்.

செல்பேசி டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது. நிலையங்களிலிருந்து பதில்கள். நெல்பா சத்தமாக வாசித்தார்.

"'இன்னும் பிரிக்கவே இல்ல டாக்டர், சுற்றுலா வாரம்.'... 'தாள் வந்துச்சா?'... 'மன்னிக்கணும், படிக்கல.'... 'போன இதழே இன்னும் படிக்கல.' அடக் கடவுளே! இவனுங்களுக்காகவா நான் கண்ணு போகப் படிச்சு எழுதுறேன்?"

எட்டு வருடமாக எழுதுகிற தாளை நாட்டில் பாதிப் பேர் படிப்பதே இல்லை என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. வேறொரு நாளாயிருந்தால் நொந்து போயிருப்பார். அன்று ஒவ்வொரு சோம்பேறிக்கும் "நல்லாயிரு, நல்லாயிரு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். கிழக்கே இரண்டு நிலையங்களில் நிறுத்தியிருந்தார்கள். இரண்டு நோயாளிகளையும் வீட்டிலேயே பிடித்து, அப்போதே மாத்திரையைக் கொடுத்துவிட்டார்கள். இருவரும் நலம். நெல்பா கைக்குட்டையால் முகத்தை அழுந்தத் துடைத்தார்.

அல்சிதெஸைப் பற்றி மட்டும் தகவல் இல்லை. துராஸ்னோ தாண்டி ஒருமுறை காவலர் பேசினார்.

"டாக்டர், ஒலிபெருக்கிய எடுத்துக்கிட்டுக் கரையோரமா நடந்தேன். 'அல்சிதெஸ், மாத்திரையப் போடுங்க'ன்னு கத்தினேன். மூணு அல்சிதெஸ் கெடைச்சாங்க. மூணு பேரும் போட்டுக்கிட்டாங்க."

"என்னத்தப் போட்டாங்க?"

"ஒருத்தர் தலவலி மாத்திரை. இன்னொருத்தர் சம்சாரத்தோட சத்து மாத்திரை. மூணாவது ஆள் மாத்திரையே இல்லன்னு பக்கத்துக் கூடாரத்துல கடன் வாங்கிப் போட்டார்."

"ஒலிவெரான்னு யாராவது இருந்தாங்களா?"

"இல்லீங்க. இன்னும் மேல் கரை பாக்கி இருக்கு."

அதன் பிறகு சிக்னல் போய்விட்டது. நெல்பா சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. "கொஞ்சம் வேகமா போ" என்றார்.

6

மேல் கரைக்குப் போகும் மண்சாலையில் கார் திரும்புகிறது. இங்கே நிறுத்தி உங்களிடம் சில முடிவுகளை வைக்கிறேன்.

முதல் முடிவு: யூக்கலிப்டஸ் நிழலில் ஒரு கூடாரம். வாசலில் கூட்டம். ஒரு பெண்மணி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், யாரோ அவர் தோளைப் பிடித்திருக்கிறார்கள். நாங்கள் வந்து நிற்கிறோம். ஒரு மணி நேரம் முந்தி வந்திருந்தால் [இதற்கு மேல் எழுதவில்லை. எழுதினால் விமர்சகர்களுக்குப் பிடிக்கும். கனமான முடிவு என்பார்கள். எனக்குத் தாங்காது.]

இரண்டாம் முடிவு: அவரைக் கண்டுபிடிக்கவே இல்லை. கரை முழுக்கத் தேடுகிறோம், பொழுது சாய்கிறது, ஆறு ஓடுகிறது. இப்படி முடித்தால் நவீனமாக இருக்கும். ஆனால் மண்சாலையைக் கடந்து வந்தவளுக்குத் தெரியும், அந்த நிலையில் ஒருவர் நவீனத்தை விரும்ப மாட்டார். ஆள் உயிரோடு இருக்க வேண்டும் என்று மட்டும்தான் விரும்புவார்.

மூன்றாம் முடிவு நடந்தது. அதனால் அதில்தான் எனக்கு நம்பிக்கை குறைவு. நடந்ததை எழுதினால் கதை மாதிரியே இருப்பதில்லை.

7

மேல் கரையில் கடைசிக் கூடாரத்துக்கு முன்னால் ஒரு மனிதர் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று தூண்டிலை வீசிக்கொண்டிருந்தார். நீளமான கால்கள், அரைக்கால் சட்டை, கழுத்தில் கயிற்றில் ஒரு விசில்.

"அல்சிதெஸ் ஒலிவெரா ஐயாவா?" நெல்பா காரிலிருந்து இறங்காமலே கத்தினார்.

"ஆமா, யாரு?"

நெல்பா செருப்போடு தண்ணீரில் இறங்கினார். அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார். கடிகாரத்தைப் பார்த்தார். நான் கரையில் நின்று நெல்பாவின் உதடுகளைப் பார்த்தேன். எண்ணுகிற உதடுகள். முழு ஒரு நிமிடம். தூண்டில் தண்ணீரில் இழுபட்டுக்கொண்டு போனது, ஒருவரும் அதைப் பிடிக்கவில்லை.

"அறுபத்து நாலு," என்றார் நெல்பா. "ஒழுங்கா இருக்கு. எப்படி ஒழுங்கா இருக்கு?"

"அம்மா, நீங்க யாருன்னு சொன்னீங்கன்னா நல்லது. என் மீன் போகுது."

கூடாரத்திலிருந்து அவர் மனைவி சுல்மா வாணலிக் கரண்டியோடு வந்தார். "என்ன, பட்டப்பகல்ல என் புருஷன் கையப் புடிச்சுக்கிட்டு?"

"நான் டாக்டர். ஐயா, எடிசன் ஒரு மாத்திரைய நிறுத்தச் சொன்னாரே, சனிக்கிழமை..."

"சொன்னார்."

"நிறுத்தினீங்களா?"

அல்சிதெஸ் மனைவியைப் பார்த்தார். பள்ளியில் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி முழித்தார். சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். ஒவ்வொரு குழிக்குப் பக்கத்திலும் பேனாவால் கிழமை எழுதியிருந்தது. சனி காலி. ஞாயிறு காலி. திங்கள் காலி. செவ்வாயும் காலி.

"எடிசன் தம்பிகிட்டச் சொல்லிடாதீங்க," என்றார். "மனசு கஷ்டப்படும். அந்தத் தாள வச்சுக்கிட்டு அப்படிச் சந்தோஷமா வாசிச்சார். குறுக்க பேச மனசு வரல. சரின்னு கை குலுக்கிட்டு வந்துட்டேன். ஆனா இத எழுதிக் குடுத்தது தகுவரெம்போ ஊர்ல இருக்குற இதய டாக்டர். அவரக் கேக்காம எப்படி நிறுத்துவேன்? நான் நாப்பது வருஷம் ஊர் கால்பந்து லீக்ல நடுவரா இருந்தவன். ஓரத்துல நிக்குறவன் கொடிய ஆட்டலாம். ஆட்டட்டும், அவன் வேல அது. விசில் நடுவர்கிட்டதான இருக்கு?"

"அப்போ எடிசன் ஓரத்துல கொடி புடிக்கிறவன்," என்றார் நெல்பா.

"ஆமா. நல்ல பையன்தான்."

"அந்தத் தாள எழுதினது நான். அப்போ நான் யாரு?"

அல்சிதெஸ் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

"நீங்க வேலிக்கு வெளிய நின்னு சத்தம் போடுற ரசிகர், டாக்டரம்மா."

நெல்பா ஈரச் செருப்போடு கரையேறி மீன் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நிற்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அழுதுகொண்டிருந்தார். சுல்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் முதுகைத் தடவினார். "இந்த மனுஷன் அவ்வளவு சீக்கிரம் போற ஆளா? ஆட்டம் முடிஞ்சாலும் கூடுதல் நேரம்னு அஞ்சு நிமிஷம் ஓட்டுவார்," என்றார். ஆறுதல் சொல்கிறாரா, புருஷனை வைகிறாரா என்று தெரியவில்லை. இரண்டும்தான்.

நான் மணலில் அப்படியே உட்கார்ந்தேன். அவ்வளவு நிம்மதியை நான் அதற்கு முன் அனுபவித்ததில்லை. ஆறு, மரம், அல்சிதெஸின் மெலிந்த கால்கள், எல்லாவற்றின் மீதும் பாசம் பொங்கியது. அந்த அசட்டுத் துணிச்சலில்தான் சொன்னேன்.

"டாக்டர், அந்த வரிய வெட்டினது நான்."

"தெரியும்," என்றார் நெல்பா மூக்கைச் சிந்திக்கொண்டே.

"எப்படி?"

"துராஸ்னோ வரைக்கும் நீ வாயத் தொறக்கல. எட்டு வருஷத்துல நீ அவ்வளவு நேரம் சும்மா இருந்து நான் பாத்ததில்ல. கார்ல ஏறுன அர மணி நேரத்துலயே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"கேட்டு? நீ வெட்டின. கையெழுத்துப் போட்டது யாரு? அத எழுதினவளே நின்னு வாசிச்சேன். கச்சிதமா இருக்குன்னு சொன்னேன். ஊர் உலகத்துல எழுதுற எல்லார்கிட்டயும் ஆளக் காணோம், ஆளக் காணோம்னு கத்துறேன். என் தாள்லயே ஆளக் காணோம், எனக்குத் தெரியல." கைக்குட்டையை மடித்தார். "உன்னைத் திட்டணும்னா மொந்தெவிதேயோ போய்த் திட்டுறேன். நிறையத் திட்டுவேன், ஒண்ணும் மிச்சம் வைக்க மாட்டேன். இப்ப இந்த அம்மா மீன் பொரிக்கிறாங்க, பசிக்குது."

(திட்டினார். மறு திங்கள் காலை, கதவைச் சாத்திக்கொண்டு, நாற்பது நிமிடம். அதை இங்கே எழுதவில்லை. இந்த ஒரு வெட்டுக்கு அவரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன்.)

எடிசனுக்குத் தகவல் எப்படிப் போனது என்று கேட்பீர்கள். சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு நான் காரை ஓட்டிக்கொண்டு போய்ப் பேசினேன். "அவர் நிறுத்தவே இல்லையா?" என்று நாலு முறை கேட்டார். அவர் குரலில் கோபம் துளியும் இல்லை. பின்னால் ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. "பொம்பளப் புள்ள, மூணு கிலோ இருநூறு," என்றார். அவரும் அழுதார் என்று நினைக்கிறேன்.

இப்போது தாளில் முதல் வரியே ஆய்வில் யார் இல்லை என்பதுதான். மாத்தே இரண்டு சுற்று வந்தாலும் பரவாயில்லை என்று நெல்பா சொல்லிவிட்டார்.

8

இந்தக் கதையை எங்கே முடிப்பது என்று நெல்பாவிடம் கேட்டேன். "என்னை ஏன் கேக்குற, நான் டாக்டர்," என்றார். பிறகு, "அந்த மனுஷனுக்கு எந்த முடிவும் எழுதாத," என்றார்.

அதுதான் சிக்கல். அல்சிதெஸுக்கு அறுபத்தேழு வயது. இதயம் கால்வாசிதான் வேலை செய்கிறது. புதிய ஆய்வுகள் வரும், சில நல்லவை, சில தப்பாகச் சுருக்கப்பட்டவை. கதையைப் போதிய தூரம் நீட்டினால் அதன் கடைசியில் அவர் செத்துப்போவார். யாருடைய கதையை நீட்டினாலும் அப்படித்தான். எனக்கு அந்தத் தூரம் போக இஷ்டமில்லை.

அதனால் செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணியில் அவரை விட்டுவிட்டு வருகிறேன். அவர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் தட்டு. சுல்மா "முள்ளு, முள்ளு, பாத்து" என்கிறார். "நாப்பது வருஷமா மீன் திங்குறேன், எனக்குச் சொல்லித் தர்றா" என்று அவர் நெல்பாவிடம் முறையிடுகிறார். நெல்பா இரண்டாவது துண்டுக்குத் தட்டை நீட்டுகிறார்.

முடிவு வேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் அவசரம் ஒன்றும் இல்லையே. அவர் இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை.